குடும்பத்தையும் விடவில்லை, தன் வழியையும் விடவில்லை: நீதிபதி பத்ருதீன் தியாப்ஜி

வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் குடும்பங்களுக்கு இது புதிய பேச்சல்ல. தந்தை நடத்திய தோல் தொழிலை மகன் பார்க்க வேண்டும் என்று வீட்டார் எதிர்பார்ப்பார்கள். மகனுக்கோ வேறு படிப்பில் ஆசை இருக்கும். மகளை எதுவரை படிக்க வைப்பது என்பதிலும் பெரியவர்களுக்குள் வாக்குவாதம் நடக்கும். ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் நின்ற ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை நாம் அறிய வேண்டிய ஒன்று.

பத்ருதீன் தியாப்ஜி 1844-ல் பம்பாயில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் குஜராத்திலுள்ள கம்பாத். இஸ்மாயீலி மரபில் வந்த போரா சமூகத்தின் சுலைமானி பிரிவைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கையில் சிறிய சமூகம். வணிகமே பரம்பரைத் தொழில். கொள்கையில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வீட்டில் எழுந்த கேள்விகள் நம் வீட்டுக் கேள்விகள்தான்.

தந்தை தியாப் அலி பிள்ளைகளைப் படிப்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதோடு, குஜராத்தி பேசிய வீட்டில் உருதுவைக் கொண்டுவந்தார். தம் சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடாமல், பரந்த முஸ்லிம் சமுதாயத்தோடு பிள்ளைகள் இணைய வேண்டும் என்பது அதன் பலன். குடும்பச் செய்திகளை எல்லோரும் எழுதிவைக்க 'அக்பார்' என்ற பொதுக் குறிப்பேடும் அந்தக் குடும்பத்தில் இருந்தது. படிப்புக்காகக் கடல் கடந்தாலும் உறவு அறுந்துவிடவில்லை.

1860-ல் இங்கிலாந்து சென்ற பத்ருதீன், கண் பார்வைக் கோளாறால் இடையில் ஊர் திரும்பினார். மீண்டும் சென்று படிப்பை முடித்து, 1867-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய பாரிஸ்டர் ஆனார். 1874-ல் அண்ணன் கம்ருதீன் முதலானோருடன் அஞ்சுமனே இஸ்லாம் அமைப்பைத் தொடங்கி முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தார்.

பெரிய சோதனை நம் சென்னையில் வந்தது. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். காங்கிரஸின் முதல் முஸ்லிம் தலைவர் அவரே. முஸ்லிம்கள் அதில் சேரக் கூடாது என்று கருதிய சர் சையத் அஹ்மது கான் அவரைக் கடுமையாக எதிர்த்தார். பத்ருதீன் பதிலுக்குப் பகைக்கவில்லை. கடிதங்கள் வழியே தம் நிலையை விளக்கினார். ஒரு சமூகத்தார் ஒருமித்து எதிர்க்கும் பொருளை மாநாட்டில் எடுக்கக் கூடாது என்று வாதிட்டார். 1888 அலகாபாத் மாநாட்டில் அது விதியானது. எதிர்ப்பு வலுத்தபோது, மாநாட்டையே சில ஆண்டுகள் நிறுத்திவைக்கலாம் என்றுகூட யோசனை சொன்னார். தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சமுதாயத்தை உதறிவிட்டுப் போகவும் இல்லை.

1895-ல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1897-ல் ராஜத் துரோக வழக்கில் சிக்கிய திலகருக்கு, பிறர் மறுத்த ஜாமீனை வழங்கினார். பின்னர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார்.

வீட்டில் அவர் செய்ததும் சிறியதல்ல. மகள்களைப் பள்ளிக்கு அனுப்பினார். 1904-ல் இருவரை இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அன்று பல முஸ்லிம் வீடுகளில் நினைத்தும் பார்க்க முடியாத செயல் இது. 1906 ஆகஸ்ட் 19-ல் லண்டனில் காலமானார்.

நம் பகுதியில் தோல் வணிகர்கள் தங்கள் வருமானத்திலிருந்து கல்விக்கு வாரி வழங்கியதை நாம் அறிவோம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919 முதல் நிற்கிறது. கல்லூரி கட்டித் தந்த முன்னோர்கள், பிள்ளைகள் வேறு வழியில் செல்லக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொண்டுதான் கட்டினார்கள். பெற்றோர் கதவைத் திறந்துவிட வேண்டும். பிள்ளைகள் வெளியே போனாலும் வீட்டை மறக்கக் கூடாது. தியாப் அலியும் அவர் மகனும் வாழ்ந்து காட்டியது இதைத்தான்.