நட்டு வைத்த துரை

எங்க ஊர் விக்கிரமங்கலம். அப்பா மரம் அறுக்கிற மில்லில் கட்டை தள்ளுகிறார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் சட்டையெல்லாம் மரத்தூள். தேக்கா வேம்பா என்று தூளின் வாசனையிலேயே சொல்லிவிடுவார். படிக்க மட்டும் தெரியாது. ஹியூகோ உட் பற்றி நான்தான் படித்துச் சொன்னேன்.

கோவைப் பக்கத்து ஆனைமலைத் தேக்குக்கு 19-ம் நூற்றாண்டில் ஏகக் கிராக்கி. கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் வெள்ளைக்காரர்கள் காடு காடாக வெட்டினார்கள். மலை உச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கி விட்ட இடம்தான் டாப் ஸ்லிப். வெட்ட ஆள் இருந்தது, நட ஆள் இல்லை.

அங்கே வன அதிகாரியாக வந்தவர் உட். அவரும் அதே அரசின் உத்தியோகஸ்தர்தான். ஆனால் மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்தார். கரும்பு மறுதாம்பு மாதிரி அதிலிருந்து துளிர் வரும். நடக்கும்போதே கைத்தடியால் குழி குத்தி, பையிலிருந்து தேக்கு விதை போடுவாராம். தேக்கு முற்ற 50, 60 வருஷம் ஆகும். தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே நட்டார். 1933-ல் குன்னூரில் காலமானார். அவர் ஆசைப்படியே டாப் ஸ்லிப் தேக்குகளுக்கு நடுவே புதைத்தார்கள். இன்று அந்தக் காடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது.

கேட்டுவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேசலை. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ அறுத்தாச்சு, ஒண்ணுகூட நடலையே என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்கங்கன்று ஒன்று வாங்கி வந்தார். வீட்டுக்குப் பின்னால் இருவரும் நட்டோம். அது முற்றும்போது நான் கிழவனாகி இருப்பேன். தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

நண்பர்களே, நீங்களும் ஒன்று நடுங்கள்!