கொட்டகை கண்ட சாமிக்கண்ணு வின்சென்ட்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிலே அறப்பளீசுவரர் ஆலயம் இருக்கின்றது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று மலைமேலுள்ள நாடுகளிலிருந்தும், கீழ்நாட்டு ஊர்களிலிருந்தும் ஜனங்கள் அங்கே திரள்கின்றனர். பாணரையும் கூத்தரையும் பரிசளித்துப் போற்றிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. கலைஞனுக்குக் கொடை கொடுத்த அவ்வள்ளலைத் தமிழுலகம் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாக மறக்கவில்லை. ஆனால் அக்கலையை ஜனங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து காண்பதற்குக் கூரை எழுப்பிக் கொடுத்தவர்களை நாம் நினைப்பது அரிது. அவ்விதம் நினைக்கத் தக்கவர்களுள் கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் முதல் வரிசையில் நிற்பவர். அவருடைய சரித்திரத்தை இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

வின்சென்ட் 1883-ம் வருஷம் கோயமுத்தூரில் பிறந்தவர். பெருஞ்செல்வமோ, பெரிய குடிப்பெருமையோ அவருக்கு வாய்த்திருக்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் சொற்பச் சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்து வந்தார். ரயில்வே உத்தியோகம் என்றால் அக்காலத்தில் ஆயுள் பரியந்தம் சோற்றுக்குக் கவலையில்லை என்பது பொருள். இருபத்திரண்டு வயது வாலிபர் ஒருவர் அதனை உதறிவிட்டு வெளியேறுவது பெரியோர் கண்ணுக்குப் பித்தாகவே தோன்றியிருக்கும்.

1905-ம் வருஷத்தில் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் சலனப் படக் கருவியுடன் ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தி வந்தார். திருச்சியில் அவர் நோய்வாய்ப்பட்டார். ஊர் திரும்ப விரும்பிய அவர் கருவியையும் படச் சுருள்களையும் விற்க முன்வந்தார். விலையோ இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அது பல வருஷத்து வருமானம். ஆயினும் வின்சென்ட் பணத்தைத் திரட்டி அவற்றை வாங்கினார், உத்தியோகத்தையும் விட்டார். ஏசுநாதர் சரித்திரத்தைக் காட்டும் படமும் வேறு சில சிறு படங்களும் அன்று அவர் கையில் இருந்த முதல் யாவும்.

கருவி கிடைத்தது, காட்சிக்கு இடம் எங்கே? நாடக மேடைகள் பெரிய நகரங்களில் சிலவே இருந்தன. சிற்றூர்களில் கோயில் முற்றமும் சந்தைத் திடலுமே பொதுவிடங்கள். ஆகவே வின்சென்ட் கூடாரத்தையே கொட்டகையாக்கிக்கொண்டார். ஒரு திடலில் கூடாரம் எழும். சில நாட்கள் காட்சி நடக்கும். ஜனங்களின் ஆவல் தணிந்ததும் அது பிரிக்கப்பட்டு அடுத்த ஊருக்குப் போகும். இவ்வாறு அவர் தென்னாட்டோடு நில்லாமல் வடக்கே லக்ஷ்மணபுரி, லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா முதலிய இடங்களுக்கும் சென்றார். 1909-ல் சென்னைக்குத் திரும்பி எஸ்பிளனேட் பகுதியில் கூடாரம் அடித்துக் காட்சி நடத்தினார். பின்னர்ப் பிரான்சின் பிரசித்தி பெற்ற பாத்தே கம்பெனியின் கருவிகளை இந்நாட்டில் விற்கும் ஏஜெண்டாகவும் விளங்கினார். தாம் கற்ற தொழிலைத் தாமே பூட்டி வைத்துக்கொள்ளாமல், பிறரும் தொடங்குவதற்கு இதனால் வழி திறந்து விட்டார்.

கூடாரம் சுற்றிய மனிதர் ஓரிடத்தில் வேரூன்றியது 1914-ல். அவ்வருஷம் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னாட்டில் இந்தியர் நிறுவிய நிலையான சினிமாக் கொட்டகைகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று அது. கோயமுத்தூர் அப்போது இன்றுள்ளது போன்ற மாநகரம் அன்று. பஞ்சாலைகள் பெருகத் தொடங்கியிருந்த ஒரு நகரமே. பலவகைக் காட்சிகளுக்கும் உரிய மண்டபம் என்பதை அதன் பெயரே தெரிவிக்கும். பிற்காலத்தில் டிலைட் எனப் பெயர் மாறியபோதிலும், கொட்டகை நின்ற வீதி வெரைட்டி ஹால் ரோடு என்றே வழங்கி வருகின்றது. ஆண்டவர் பெயராலும் அதிகாரிகள் பெயராலும் வீதிகள் விளங்கும் நாட்டில், ஜனங்கள் கூடிக் களித்த கொட்டகையின் பெயரால் ஒரு வீதி விளங்குவது சிறப்பன்றோ?

கொட்டகைக்கு வேண்டிய மின்சாரத்தை அவர் தாமே இயந்திரம் வைத்து உண்டாக்கினார். அதே சக்தியைக் கொண்டு அச்சுக்கூடமும் நடத்தினார். பைகாரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1930-களில் அப்பிரதேசத்தை எட்டுவதற்குப் பல வருஷங்கள் முந்திய செய்தி இது. படம் பார்க்க வந்த சாமானிய ஜனங்கள் திரையை மட்டும் கண்டு அதிசயிக்கவில்லை. இருளை ஓட்டிய விளக்கையும் கண்டு அதிசயித்தனர்.

பேசும் படம் வந்தபோது பழைய கொட்டகைக்காரர் பலர் திகைத்தனர். வின்சென்ட் திகைக்கவில்லை. கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனியுடன் சேர்ந்து 1933-ல் வள்ளி திருமணத்தைப் படமாக்கினார். ஸ்ரீமதி டி. பி. ராஜலக்ஷ்மி அதில் வள்ளியாக நடித்தார். படம் அமோக வெற்றி அடைந்தது. 1930-களின் நடுவில் கோயமுத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியபோது அதன் ஸ்தாபகர்களுள் ஒருவராக இருந்தார். 1942-ம் வருஷம் காலமானார்.

அவர் கிறிஸ்தவர். ஏசுநாதர் படத்தோடு தொழிலைத் தொடங்கி, முருகன் வள்ளியை மணந்த கதையால் பெரும்பொருள் ஈட்டியவர். இதிலே முரண் ஒன்றும் இருப்பதாக அவரும் எண்ணவில்லை, ஜனங்களும் எண்ணவில்லை. தேச ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கங்கள் பல நிகழ்ந்த காலத்தில், ஒற்றுமை ஓசையின்றி உலவிய இடங்களுள் சினிமாக் கொட்டகையும் ஒன்று. கோயிலில் நுழைய உரிமையற்றிருந்தவனும், ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளக் கூடாதென விலக்கப்பட்டவனும் அணாக்களைக் கொடுத்துச் சீட்டு வாங்கி உள்ளே செல்லத் தலைப்பட்டனர். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற வேற்றுமை அங்கும் இருந்தது. ஆனால் அவ்வேற்றுமையை விதித்தது காசு. காசின் ஆட்சியை நாம் போற்றவில்லை. எனினும், மாற்ற முடியாத பிறப்பைக் காட்டிலும் மாறக்கூடிய காசு சற்று இரக்கமுள்ள எஜமானன் என்பதை மறுக்க இயலாது.

வின்சென்ட் தேசத் தொண்டர் அல்லர், வியாபாரியே என்று சிலர் கூறலாம். உண்மையே, அவர் இலாபத்தை நாடினார். ஆனால் இலாபத்தை நாடியவர் எல்லோரும் ஊருக்கு ஒரு கூடுமிடத்தை வைத்துப் போவதில்லை. அவருடைய இலாபம் அவர் காலத்தோடு கணக்குத் தீர்ந்தது. வெரைட்டி ஹாலில் ஒன்றாக உட்காரக் கற்ற பழக்கமோ ஊரின் சொத்தாக நிலைத்தது.

இக்காலத்தில் சிற்றூர்க் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. சில கல்யாண மண்டபங்களாகவும், சில சரக்குக் கிடங்குகளாகவும் மாறின; சில இடிக்கப்பட்டு மனைகளாயின. வீட்டுக்குள்ளும் கைக்குள்ளும் படம் வந்துவிட்ட பிறகு கொட்டகை எதற்கு என்று கேட்கின்றனர். படம் பார்ப்பதற்குக் கொட்டகை வேண்டாமலிருக்கலாம். அயலானோடு சேர்ந்து சிரிப்பதற்கும் கண்ணீர் விடுவதற்கும் ஓர் இடம் வேண்டும். கட்டடம் தனியார் உடைமையாக இருக்கும்வரை அதன் ஆயுள் மனையின் விலையைப் பொறுத்தது. 1918-ம் வருஷத்துச் சினிமாச் சட்டம் காட்சிக்கும் கட்டடத்துக்கும் லைசென்ஸ் விதித்தது. ஜனங்களின் உயிரைத் தீயினின்று காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கொட்டகையையே விலையினின்று காக்க அதில் விதியில்லை. ஆகவே பழைய கொட்டகை உள்ள ஒவ்வோர் ஊரிலும் நகரசபையோ பஞ்சாயத்தோ அதனை விலைக்கேனும் குத்தகைக்கேனும் பெற்று, நாடகம், பிரசங்கம், பள்ளி விழா, இசை முதலிய யாவற்றுக்கும் உரிய பொது மண்டபமாக நடத்துவதே தக்கது. செலவாகும் என்பர். சாலைக்கும் சாக்கடைக்கும் செலவிடுவது எவ்வளவு நியாயமோ, இதுவும் அவ்வளவு நியாயமே.

மலைநாட்டையும் நாம் மறத்தலாகாது. எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறது சாலை. அன்னாசியும் வாழையும் அதன் வழியாகச் சமவெளிக்கு இறங்குகின்றன. அதே வழியாகக் கூத்தும் இசையும் ஏற வேண்டும். மலைவாசிகளின் சொந்த ஆடல் பாடலும் மழைக்கு ஒதுங்கி நிகழ நல்ல கூரை வேண்டும். ஓரியின் பெயரால் விழா எடுக்கும் நாம் அவன் செய்த காரியத்தையும் செய்தல் முறை. கூடாரத்தைச் சுமந்து ஊர் ஊராகத் திரிந்த ஒரு தனி மனிதரால் ஒரு நகரத்துக்குக் கொட்டகை கொடுக்க முடிந்தது. சர்க்காரும் பஞ்சாயத்துக்களும் சேர்ந்து வளப்பூர் நாடு போன்ற இடங்களுக்கு அதனைக் கொடுக்க முடியாதென்று நாம் நம்பத் தயாராயில்லை.