போர் விமானத்தில் பறந்தவருக்கு கடைசி வரை யானை, புலி படம்தான்! யார் இந்த ஹாலிவுட் ஸ்டார் சாபு?

தனுஷ் ‘தி கிரே மேன்’ல நடிச்சதுக்கு பல வருஷம் முன்னாடியே, நம்ம பக்கத்து மைசூர்ல இருந்து ஒரு பையன் ஹாலிவுட் வரை போனார். அவர்தான் சாபு.

1924-ல் பிறந்தவர், யானைப் பாகனின் மகன். அப்பா இறந்தபின் மகாராஜாவின் யானை லாயத்தில் இருந்தவரை, இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டியின் படக்குழு கண்டுபிடித்தது. 1937-ல் ‘எலிஃபண்ட் பாய்’ வெளியானது. 13 வயசுல சாபு ஸ்டார்! அடுத்து ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’, ‘ஜங்கிள் புக்’ மௌக்லி. பெரும்பாலும் சட்டையில்லாத உடம்பு, காடு, மிருகம்.

1944-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று விமானப் படையில் சேர்ந்தார். குண்டுவீச்சு விமானத்தின் வால் பகுதியில் உட்கார்ந்து சுடும் வேலை. உயிருக்கு உத்தரவாதமே இல்லாத இடம். வீரப் பதக்கமும் வாங்கினார்.

1947-ல் ‘பிளாக் நார்சிசஸ்’ படத்தில் இளவரசர் வேடம் கிடைத்தது. கூத்து என்னன்னா, அதில் அவருக்கு ஜோடியான இந்தியப் பெண், கருப்பு மேக்கப் போட்ட வெள்ளைக்கார நடிகை ஜீன் சிம்மன்ஸ்! இந்தியர் வேடத்துக்கே இந்தியர் தேவைப்படல.

அப்புறம் பெரிய வாய்ப்புகள் குறைஞ்சுபோச்சு. கிடைச்சதும் திரும்ப அதே காட்டுக் கதைகள்தான். 1963 டிசம்பர் 2-ல் மாரடைப்பால் இறந்தார். வயசு வெறும் 39. அடுத்த வருஷம் வந்த டிஸ்னியின் ‘எ டைகர் வாக்ஸ்’தான் கடைசிப் படம். அதில் அவர், சர்க்கஸ் புலியைப் பழக்கும் இந்தியர்.