யார் இந்த டாக்டர் டி.எம்.நாயர்? மருத்துவக் கப்பலில் இருந்து நீதிக்கட்சி வரை

பெரிய காஞ்சிபுரத்தின் பட்டுக்கடைத் தெருக்களில் அரசியல் பேச்சு எடுத்தால், முதலில் வரும் பெயர் அண்ணா. கொஞ்சம் பழைய கதை தெரிந்தவர்கள் 1925-ஐயும் சொல்வார்கள். அந்த ஆண்டு நவம்பரில், திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் மாகாண காங்கிரஸ் மாநாடு நடந்தது. அரசு வேலையிலும் சட்டசபையிலும் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு வேண்டும் என்ற பெரியாரின் தீர்மானம் அங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார்.

ஆனா, அந்தக் கோரிக்கை அன்றைக்குப் புதிதாக முளைத்தது இல்லை. சட்டசபையில் பங்கு கேட்டு லண்டன் வரை போய், அங்கேயே உயிரை விட்டார் ஒரு டாக்டர். சென்னை தி.நகரில் டாக்டர் நாயர் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறதே, அந்த நாயர்தான்.

தாரவாத் மாதவன் நாயர், 1868-ல் மலபாரின் திரூரில் பிறந்தவர். மெட்ராஸில் படித்துவிட்டு எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்துக்குப் பாரிஸில் தனிப் பயிற்சி. ஊர் திரும்பியதும் நல்ல பிராக்டிஸ். அதோடு நின்றிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவருக்குப் பேனாவும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. ‘ஆன்டிசெப்டிக்’ என்ற மருத்துவ இதழை நடத்தினார். அதில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டரைக் கடுமையாக விமர்சித்து எழுத, அன்னிபெசன்ட் அவதூறு வழக்கே போட்டார். வழக்கில் தோற்றது அன்னிபெசன்ட்தான்.

அவர் செய்ததில் இன்றைக்கு அதிகம் பேசப்படாதது தொழிலாளர் விஷயம். அப்போதெல்லாம் மில்களில் ஆண்களுக்கு வேலை நேரத்துக்கு உச்சவரம்பே கிடையாது. 14 மணி நேரத்துக்கு மேல்கூட வேலை இழுக்கும். இதை விசாரிக்க அரசு அமைத்த கமிஷனில் நாயரும் ஓர் உறுப்பினர். வயதுவந்த ஆண்களின் நேரத்தில் சட்டம் நேரடியாகத் தலையிட வேண்டாம் என்றது 1908-ல் வந்த கமிஷன் அறிக்கை. நாயர் மட்டும் ஒத்துக்கொள்ளாமல், 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். 1911 தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி ஆலைகளுக்கு அந்த 12 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது. ஒன்பது மணிக்கு லாக்-அவுட் பண்ண முடியவில்லையே என்று புலம்புகிற ஐடி தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

1912-ல் மெட்ராஸ் சட்ட மேலவைக்கு உறுப்பினராகப் போனார். அடுத்து முதல் உலகப் போர். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் மெட்ராஸ் மீதே குண்டு வீசிவிட்டுப் போனது. மாகாண மக்கள் நிதி திரட்டி, ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே ஒரு மருத்துவக் கப்பலைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அதில் அறுவை மருத்துவராக ஏறினார் நாயர், லெப்டினன்ட் ரேங்கில். இருபது வயசுப் பசங்க ராணுவ வாழ்க்கையைத் தொடங்குகிற படி அது. இவருக்கோ வயது நாற்பதைத் தாண்டியாச்சு, சட்டசபை உறுப்பினர் வேறு. இந்தச் சேவைக்காக கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கிடைத்தது. போர்ச் சேவைப் பதக்கம் அவர் இறந்த பிறகுதான் வந்தது.

கப்பலைவிட அரசியலில்தான் அடி பலம். மெட்ராஸ் மாநகராட்சியில் திருவல்லிக்கேணியின் பிரதிநிதியாகப் பல ஆண்டு இருந்தவர், பார்த்தசாரதி கோயில் குளத்துக்குத் தண்ணீர் விடும் விவகாரத்தில் பிட்டி தியாகராயருடன் மோதி, பதவியை விட்டார். 1916-ல் டெல்லி சட்டசபைக்குப் போட்டியிட்டு அதிலும் தோல்வி. பிராமணர் அல்லாதவர்கள் தேர்தலில் ஜெயிக்கவே வழியில்லை என்ற முடிவுக்கு வந்தார். எதிரும் புதிருமாக இருந்த நாயரையும் தியாகராயரையும் ஒன்றாக உட்கார வைத்தவர் டாக்டர் சி.நடேசனார். 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. அடுத்த பிப்ரவரியில் நாயரை ஆசிரியராகக் கொண்டு ‘ஜஸ்டிஸ்’ நாளிதழ் வர, கட்சிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நீதிக்கட்சி!

ஹோம் ரூலை எதிர்த்ததால் கட்சியை வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா என்றார்கள் எதிராளிகள். முன்னாள் காங்கிரஸ்காரரான நாயருக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஆனால் அதிகாரம் கைமாறும்போது அது யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை அவர் விடவில்லை.

1918-ல் லண்டன் போனார். சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை ஒரு காரணம், மாண்டேகு சீர்திருத்தத்தில் தனிப் பிரதிநிதித்துவம் கேட்பது இன்னொன்று. போனவரை அரசியல் பேசக் கூடாது என்று தடுத்தது பிரிட்டிஷ் அரசு. பிரபுக்கள் சபையில் கேள்வி எழுந்த பிறகே தடை விலகியது. 1919-ல் நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன் சாட்சியம் சொல்ல மறுபடி கப்பல் ஏறினார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. சாட்சியம் சொல்லும் முன்பே, ஜூலை 17-ம் தேதி லண்டனில் இறந்துபோனார். வயது 51.

கட்சிக்காகச் சாட்சியம் சொன்னவர் கே.வி.ரெட்டி நாயுடு. 1920-ல் மெஸ்டன் தீர்ப்பின்படி மெட்ராஸ் சட்டசபையில் பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த டிசம்பரில் நீதிக்கட்சி ஆட்சியில் உட்கார்ந்தது. வேலைவாய்ப்பில் பங்கு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. காஞ்சிபுரத்தில் பெரியார் வெளியேறி மூன்று வருஷம் கழித்து, 1928-ல் எஸ்.முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோதுதான் வகுப்புவாரி அரசாணை நடைமுறைக்கு வந்தது.