கழுத்தில் தழும்பு சுமந்த அறிஞர்

ஆங்கில மொழிக்கு 1755-ஆம் ஆண்டில் மாபெரும் அகராதியை ஆக்கித் தந்தவர் சாமுவேல் ஜான்சன். அன்னாரின் புலமையை அறிந்தோர் பலர். அவர் கழுத்திலிருந்த தழும்புகளின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. பெற்றோர் அனைவருக்கும் பயன்தரும் அவ்வரலாற்றை இங்கு சுருக்கமாகத் தருகிறோம்.

ஜான்சன் 1709-இல் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அவருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. நம் முன்னோர் கண்டமாலை என்றழைத்த, நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் காசநோயே அது. செவிலித்தாயின் பால்வழியே அது தொற்றியதாக அக்காலத்தார் கருதினர்.

அரசரின் கைபட்டால் இந்நோய் நீங்கும் என்று அந்நாட்டு மக்கள் நம்பினர். புகழ்பெற்ற மருத்துவரான சர் ஜான் ஃபுளோயரும் அதையே பரிந்துரைத்தார். 1712-இல், இரண்டரை வயதுக் குழந்தையைத் தாயார் லண்டனுக்கு எடுத்துச் சென்றார். ஆன் அரசியார் குழந்தையைத் தொட்டு, பொன் வில்லை ஒன்றை வழங்கினார். அவ்வில்லையை ஜான்சன் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தார். நோயோ அதனால் நீங்கவில்லை. கட்டிகளை அறுத்ததால் தழும்புகள் நிலைத்தன. ஒரு கண்ணின் பார்வை ஏறக்குறைய முற்றிலும் போயிற்று, செவித்திறனும் குன்றியது. இக்குறைகளோடுதான் அவர் கற்றார், எழுதினார், 1784-இல் மறைந்தார்.

அந்தத் தாயாரின் அன்பில் குறையில்லை. அன்றைய அறிவுக்கு எட்டியது அவ்வளவே. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தது 1882-இல்தான். தோலில் ஊசியிட்டுத் தொற்றை அறியும் மான்டூ சோதனை 1908-இல் வந்தது.

இன்று நமக்கு அந்த இயலாமை இல்லை. நெறி கட்டுவதெல்லாம் காசநோய் அன்று. தொண்டைப்புண், தலைப்புண், சொத்தைப்பல் ஆகியவற்றாலும் கட்டும். ஆயினும் வலியில்லாத வீக்கம் 2 வாரங்களைக் கடந்தும் வற்றாவிடில், அல்லது வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்திருப்பின், தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். மான்டூ சோதனை தொற்றை மட்டுமே உணர்த்தும். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து மாதிரி எடுத்து, நுண்ணோக்கியிலும் மரபணுச் சோதனையிலும் ஆராய்வதே நோயை உறுதிசெய்யும் வழி. சிகிச்சை பொதுவாக 6 மாதங்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். வீக்கம் வற்றியதும் மருந்தை நிறுத்திவிடலாகாது.

ஜான்சனுக்குக் கிட்டாத இவ்வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிட்டியுள்ளது. நம் கவனக்குறைவால் அதை அவர்கள் இழந்துவிடக் கூடாது என்பதே நமது வேண்டுகோள்.