தேசப் பெருமகன் சேர். பொன். அருணாசலம்

மிஷன் பாடசாலைகளிலே கல்வி பயின்ற நம்மில் பலருக்கு ஜோர்ஜ் வாஷிங்டன் சிறு வயது முதலே அறிமுகமானவர். அவர் 1789ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதலாவது ஜனாதிபதியானதும், இரு தவணைகள் ஆண்டபின் பதவியை உவந்து துறந்ததும் நாம் பரீட்சைக்காக மனனம் செய்தவை. ஆனால், கொள்ளுப்பிட்டியிலிருந்து காலிமுகத் திடலைக் கடந்து கோட்டைக்குச் செல்லும் நாம், பழைய பாராளுமன்ற முன்றலிலே சிலையாக நிற்கும் நம்மவர் ஒருவரை நிமிர்ந்து பார்த்ததுண்டா? தேசம் என்னும் எண்ணத்துக்கு இந்நாட்டில் உருக்கொடுத்த அப்பெருமகனே சேர். பொன்னம்பலம் அருணாசலம்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பிலே பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாவது மைந்தராக அருணாசலம் பிறந்தார். சேர். முத்துக்குமாரசுவாமி அவருக்குத் தாய்மாமன், சேர். பொன். இராமநாதன் தமையனார். கொழும்பு அக்கடமியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிலும் பயின்று, 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையில் தேறிய முதலாவது இலங்கையர் என்னும் புகழுடன் நாடு திரும்பினார்.

நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் அவர் ஆற்றிய பணிகளை விரிக்கின் பெருகும். காணி உறுதிப் பதிவு முறையைச் சீர்படுத்தினார். 1901ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பையும் அவரே நடத்தினார். அப்பொழுது இலங்கையின் மக்கள் தொகை ஏறக்குறைய 35 இலட்சத்து 66 ஆயிரம். 1790இல் அமெரிக்கக் குடியரசு தன் மக்களை முதன்முறை எண்ணியபோது கண்ட தொகையும் 39 இலட்சமே. ஆகவே, தேசமாக எழுவதற்கு நம் நாட்டினர் தொகையிற் குறைந்தவரல்லர். குறைவு எங்கே இருந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

1913இல் அருணாசலம் சேவையினின்றும் ஓய்வு பெற்றார். வயது அறுபது. பிறர் சாய்வு நாற்காலியை நாடும் பருவத்தில் அவரது பொதுவாழ்வு உச்சம் பெற்றது. 1906இலேயே பல்கலைக்கழகம் வேண்டுமெனச் சங்கம் அமைத்தவர் அவர். அதன் பயனாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1915இல் சமூக சேவைக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து, தோட்டத் தொழிலாளரைக் கடனாற் கட்டிவைத்த துண்டு முறைக்கு எதிராகப் போராடினார். அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

எனினும், அவரது தலையாய பணி அரசியற் பணியே. 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தை ஆரம்பித்தார். சிதறிக் கிடந்த சங்கங்களை ஒன்றிணைத்து, 1919ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி இலங்கைத் தேசீய காங்கிரஸ் உதயமாயிற்று. அதன் முதலாவது தலைவர் அருணாசலம். சிங்களவரும் தமிழரும் ஒருமனதாக ஒரு தமிழரைத் தலைமைப் பீடத்தில் இருத்திய நாள் அது.

ஆனால், அம்மாளிகையின் அத்திவாரத்திலே ஓர் வெடிப்பு இருந்தது. யாழ்ப்பாணச் சங்கத்தார், தொகையிற் சிறியவரான தமக்குப் பிரதேசவாரித் தேர்தலில் உரிய இடம் கிடைக்குமோ என அஞ்சினர். அவ்வச்சத்தை நீக்கும்பொருட்டு, மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஆதரிப்பதாக, 1918 டிசெம்பரில் ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் கடித மூலம் வாக்களித்தனர். அவ்வாக்கை நம்பி, தம் மக்களைக் காங்கிரஸிற் சேருமாறு வேண்டி அழைத்தவர் அருணாசலம்.

1921ஆம் ஆண்டு தேர்தல் வந்தது. ஆசனம் ஒதுக்கப்படவில்லை. கொழும்பு நகரத் தொகுதி அருணாசலத்துக்கே என அவரது அன்பர்கள் எண்ணியிருக்க, ஜேம்ஸ் பீரிஸே அதன் உறுப்பினரானார். இனவாரி ஒதுக்கீடு பிரதேசவாரிப் பிரதிநிதித்துவக் கொள்கைக்கு முரண் என்பது காங்கிரஸாரின் வாதம். அவ்வாதத்துக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால், கொடுத்த வாக்கை நம்பி வந்தவரிடம் பின்னர் கொள்கை பேசுவது எங்ஙனம் பொருந்தும்? தாம் ஈன்ற காங்கிரஸைத் துறந்து அருணாசலம் வெளியேறினார்.

இதே சிக்கல் 1787இல் பிலடெல்பியாவிலும் எழுந்தது. சனத்தொகைப்படி இடம் வேண்டுமெனப் பெரிய மாநிலங்கள் கேட்டன. சமமான இடம் வேண்டுமெனச் சிறியவை மறுத்தன. சபை கலைந்துவிடுமோ என்னும் நிலையில், ஒரு மன்றம் சனத்தொகைப்படியும், மற்றொரு மன்றம் மாநிலத்துக்கு இருவராகவும் அமையட்டும் என முடிவாயிற்று. எந்த மாநிலமும் தன் சம்மதமின்றி அச்சமவுரிமையை இழக்கலாகாது என அரசியல் யாப்பிலேயே பொறித்தனர். தனியார் கடிதத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதே யாப்பு, கறுப்பு அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கை எசமானரின் பிரதிநிதித்துவத்துக்காக எண்ணிவிட்டு, அவ்வடிமைகளுக்கு எவ்வுரிமையும் வழங்காது விட்டதையும் நாம் மறத்தலாகாது. எழுதாது விட்ட அந்த நீதிக்காக அந்நாடு பின்னர் உள்நாட்டுப் போரிலே இரத்தம் சிந்தியது.

1923இல் அருணாசலம் இலங்கைத் தமிழ் மக்கள் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு தல யாத்திரை சென்றவிடத்து, 1924 சனவரி 9ஆம் திகதி மதுரையம்பதியிலே இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டிலே நடைமுறைக்கு வந்த புதிய சட்டசபை அமைப்பில் மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் இருந்தது. கேட்டவர் உயிரோடு இல்லை. அவ்வாசனமும் 1931இல் டொனமூர்த் திட்டத்தோடு மறைந்தது. சிறுபான்மையினருக்குக் காப்பாக நின்ற சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு 1972ஆம் ஆண்டு யாப்பில் இடம்பெறவில்லை. அதன்பின் இந்நாடு கண்ட துயரங்களை இம்மலரின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அருணாசலத்தின் வாழ்வு தோல்வியில் முடிந்ததெனச் சொல்வார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவர் கண்ட பொதுத் தேசம் என்னும் கனவு பொய்யன்று. அதனைத் தாங்க வேண்டிய வாக்குறுதிதான் வலுவற்றுப் போயிற்று. பெரியோர்களே, எம்மையொத்த இளைஞர்களே! நமது சங்கத்தின் சிறு கூட்டத்திலாயினும், தொகையிற் குறைந்தோருக்கு நாம் வழங்கும் வாக்கைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதுவோம். எழுதியதை ஆட்சிக்குழு மாறினாலும் மாறாது காப்போம். அடுத்த முறை காலிமுக வீதியாற் செல்லும்போது, அச்சிலையின் முன் ஒரு கணம் நின்று செல்வோமாக.