டிப்ளமோக்காரர் வெர்னர்

"டிப்ளமோ தானா?" என்று சொந்தக்காரர்கள் இழுக்கும்போதெல்லாம் எனக்கு ஆல்ஃபிரட் வெர்னர் ஞாபகம் வரும். 1889ல் ஜூரிக் பாலிடெக்னிக்கில் தொழில்நுட்ப வேதியியலில் டிப்ளமோ வாங்கியவர். (அதுவும் நம்முடையதும் ஒன்றல்ல, தெரியும். இருந்தாலும் பெயர் ஒன்றுதானே!) 1866ல் மியூலூஸ் நகரில் பிறந்தவர். அப்பா இரும்பு வேலைக்காரர். பையனுக்குக் கணக்கு சுமார்தான்.

அன்றைய வேதியியலாரைக் குழப்பியவை கோபால்ட் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த உப்புகள். ஆறு அம்மோனியா இருந்தால் மஞ்சள். சில்வர் நைட்ரேட் விட்டால் மூன்று குளோரினும் படியும். ஐந்து இருந்தால் இரண்டுதான் படியும். நான்கு இருந்தால் பச்சை. ஒன்றே ஒன்று படியும். மீதி எங்கே போச்சு? அம்மோனியாக்கள் ரயில்பெட்டி மாதிரி கோத்து நிற்பதாக டென்மார்க் நாட்டு யோர்கென்சன் சொல்லிவந்தார்.

ஓர் இரவு இரண்டு மணிக்கு வெர்னர் திடுக்கிட்டு எழுந்து, மறுநாள் மாலை ஐந்து வரை எழுதித் தள்ளினாராம். உலோகத்தைச் சுற்றி எண்முகியின் ஆறு மூலைகள். லிகண்டுகள் அவற்றில் நேராக ஒட்டும். அப்படி ஒட்டிய குளோரின் படியாது. அவ்வளவுதான்! 1893ல் அச்சில் வந்தபோது வயது 26. ஆதாரமாகக் காட்டிய பரிசோதனைகளோ பெரும்பாலும் யோர்கென்சன் செய்தவை.

எண்முகி உண்மையென்றால் நான்கு அம்மோனியா உப்பு இரண்டு விதமாக இருந்தாகணும். குளோரின்கள் எதிரெதிரே நின்றால் பச்சை. அடுத்தடுத்து நின்றால்? அது யார் கையிலும் சிக்கவில்லை. எதிராளி விடுவாரா? ஆய்வகமோ இருட்டு நிலவறை. மாணவர்கள் வைத்த பெயர் கல்லறைச் சுரங்கம். 14 வருஷம் கழித்து, 1907ல், ஊதா நிறத்தில் அது கிடைத்தது. யோர்கென்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெரிய மனசு! 1913ல் வெர்னருக்கு நோபல் பரிசு.

எனக்குப் பிடித்தது 1914ல் அவர் காட்டிய நான்கு கோபால்ட் கொத்து. நடுவில் ஒன்று, சுற்றி மூன்று. வெளியே உள்ள ஒவ்வொன்றையும் இரண்டு ஹைட்ராக்சில்கள் பாலம் போட்டு நடுவோடு கட்டுகின்றன. அதன் மற்ற நான்கு மூலைகளில் அம்மோனியா. மூன்று பாலங்களும் மின்விசிறி இறக்கை மாதிரி ஒரே பக்கம் திரும்பி நிற்பதால் வலது, இடது என இரு வகை. கார்பன் இருந்தால்தான் ஒளியைத் திருப்பும் என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். இதில் துளி கார்பன் கிடையாது.

ஓய்வில்லா உழைப்பு, குடிப்பழக்கம், இரத்தக்குழாய் நோய். 1919 நவம்பர் 15ல், 52 வயதில் போய்விட்டார். 1921ல் ஒரு பிளாட்டினம் உப்பில் எக்ஸ்ரே அந்த எண்முகியைக் காட்டியபோது பார்க்க அவர் இல்லை.